செவ்வாய்க்கிழமைக் குடைகள்

புணே நகரின் ஔந்திலிருந்து தொழிற்பேட்டையான சாகணுக்குச் செல்லும் அந்தப் பேருந்தை மூன்று தொழிற்சாலைகள் சேர்ந்து வாடகைக்கு அமர்த்தியிருந்தன. பிரேக் குழாய் செய்யும் தொழிற்சாலை ஒன்று. காருக்குள் ஓடும் மின்கம்பிகளைக் கட்டுக்கட்டாகப் பின்னித் தருவது மற்றொன்று. இருக்கைகளைத் தைத்துப் பொருத்துவது மூன்றாவது. மூன்றுக்கும் வேலை நேரம் ஒன்றே ஆதலால், ஒரு பேருந்து போதுமென்று எந்த மேலாளரோ என்றோ கணக்கிட்டிருக்க வேண்டும். அந்தச் சிக்கனத்தின் பயனாக, பின்வரிசை இருக்கைகளில் நான்கு தமிழர்கள் ஒன்றுகூடினார்கள். வழியில் போசரியில் நெரிசல் மிகுந்த நாள்களில் பேருந்து நகர்வதே அரிது. சும்மா இருக்க மனமில்லாமல் அவர்கள் பங்குச்சந்தையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

நாளடைவில் அப்பேச்சு ஒரு சபையாயிற்று. சபைக்குச் சட்டங்களும் உண்டாயின. ஒருவர் ஒரு நிறுவனத்தை முன்மொழிந்தால், அதன் ஆண்டறிக்கைகளைப் படித்து, கண்டதை ஒரே தாளில் எழுதிக் கொண்டுவர வேண்டும். ஏனையோர் ஒரு வாரம் அதைத் தாக்க வேண்டும். எவரேனும் ஒருவர் ‘வேண்டாம்’ என்றாலும் எவரும் வாங்கலாகாது. இவற்றினும் மேலான சட்டம் ஒன்று இருந்தது: தாளில் உள்ளதை நேரில் கண்ட சாட்சி வேண்டும். அந்தச் சட்டத்தை இயற்றியவன் மின்கம்பித் தொழிற்சாலையின் உற்பத்தித் திட்டப் பிரிவில் இருந்த ஸ்ரீவத்சன். சென்னைக்காரன், நாற்பதைக் கடந்தவன்.

“ஸ்கிரீனைப் பார்த்து ஷேர் வாங்கறவன் ஜாதகத்தைப் பார்த்துப் பொண்ணு கட்டறவன். நாம பொண்ணையே பார்த்துட்டு வரவா” என்று அவன் அடிக்கடி சொல்வான்.

“அதான் உங்க வீட்டுல தினமும் சண்டையா?” என்று இருக்கைத் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புப் பொறியாளனாக இருந்த முகமது இஸ்மாயில் கேட்பான். பேருந்தின் பின்வரிசை சிரிக்கும்.

அந்த ஜூன் மாதத்தில் தாள் கொண்டுவரும் முறை மங்கையர்க்கரசியினுடையது. கோயம்புத்தூரிலிருந்து வந்து புணேயில் பதினெட்டு ஆண்டுகளைக் கழித்துவிட்ட அவள், பிரேக் குழாய்த் தொழிற்சாலையின் கிடங்கு மேலாளர். அவள் தேர்ந்தெடுத்த நிறுவனத்தின் பெயர் சஹ்யகிரி சப்ளைஸ். அது தொழிற்சாலைகளுக்கு ஒரு மளிகைக்கடை போன்றது. கையுறை, திருகாணி, துளையிடும் ஊசி, பேரிங், கிரீஸ், ஒட்டுநாடா என்று ஓர் ஆலை நாள்தோறும் தின்று தீர்க்கும் சில்லறைப் பொருள்களையெல்லாம் நூறு உற்பத்தியாளர்களிடம் வாங்கி, ஆலையின் வாசலில் கொண்டுவந்து இறக்கும். அதன் மஞ்சள் டெம்போவை நாள்தோறும் பார்ப்பவள் மங்கையர்க்கரசி. பார்ப்பது வேறு, படிப்பது வேறு என்பதை அறிந்தவள் ஆதலால், ஐந்தாண்டு அறிக்கைகளையும் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து படித்தாள்.

அவள் தாள் கச்சிதமாக இருந்தது. நூறு ரூபாய் விற்பனையில் ஆறு ரூபாய்தான் மிஞ்சுகிறது. ஆனால் சரக்கு விரைவாகக் கைமாறுவதால், முதலாகப் போட்ட நூறு ரூபாய்க்கு ஆண்டுதோறும் இருபத்துநான்கு ஈட்டுகிறது. கடன் இல்லை. வாங்கி விற்கும் நிறுவனத்துக்கு நோய் வந்தால் அது முதலில் இரண்டு இடங்களில் தெரியும்: அலமாரியில் தேங்கும் சரக்கில், வசூலாகாமல் நிற்கும் பாக்கியில். இரண்டும் ஐந்தாண்டுகளாகக் குறைந்துகொண்டே வந்திருந்தன. ஏட்டில் காட்டிய லாபம் பணமாகவே வங்கிக்கு வந்திருந்தது. நான்கே ஆண்டுகளில் விற்பனை இருமடங்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, வாடிக்கையாளர் ஆயிரத்து நானூறு பேர். அவர்களுள் எவருடைய பங்கும் மொத்த விற்பனையில் நூற்றுக்கு ஆறைத் தாண்டவில்லை. ஒருவர் போனாலும் கடை ஆடாது. அந்த வரியின் கீழ் அவள் இரண்டு கோடுகள் போட்டிருந்தாள்.

“விலைதான் அக்கா இடிக்குது. ஒரு ரூபா லாபத்துக்கு நாப்பது ரூபா கேக்குறான். நாப்பது வருஷம் ஒக்காந்து திங்கணும்” என்று இஸ்மாயில் தாக்கினான்.

“லாபம் அப்படியே நின்னாத்தானே நாப்பது வருஷம்? இது வளர்ற புள்ளைங்க, தம்பி. சட்டைய ஒரு சைஸ் பெருசாத்தான் தைக்கோணும்.”

சாட்சிகளும் திரண்டன. காலையில் கேட்ட பொருள் மாலைக்குள் வந்துவிடுவதால் தன் கிடங்கின் இருப்பையே குறைத்துவிட்டதாக மங்கையர்க்கரசி சொன்னாள். தன் தொழிற்சாலை ஏழு கடைகளில் வாங்கியதை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சஹ்யகிரியிடமே ஒப்படைத்துவிட்டதென்று ஸ்ரீவத்சன் விசாரித்துவந்து சொன்னான். இஸ்மாயிலின் தொழிற்சாலை அவர்களிடம் வாங்குவது ஓராண்டில் இரட்டித்திருந்தது. மூன்று வேறு தொழிற்சாலைகள், மூன்று வேறு பொருள்கள், மூன்று தனித்தனிச் சாட்சிகள். சபையின் வரலாற்றில் இவ்வளவு உறுதியான வழக்கு வந்ததில்லை.

இவ்வளவையும் ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தவர் நான்காம் உறுப்பினரான மாடசாமி. கடக்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். பிறப்பு திருநெல்வேலிப் பக்கம். அரசுக் குடியிருப்பைக் காலி செய்துவிட்டுத் தாபோடியில் வாடகைக்குக் குடியேறியிருந்தார். ஓய்வூதியம் வந்தது; ஆயினும் வீட்டில் அமர்ந்திருக்க இயலாமல், மங்கையர்க்கரசியின் தொழிற்சாலையில் சரக்கு ஏற்றும் பகுதிக்கு ஒப்பந்தக்காரரிடம் மேற்பார்வையாளராகச் சேர்ந்திருந்தார். சபையில் அவர் அதுவரை எதையும் வாங்கியதில்லை. கேட்பார், தலையசைப்பார், நாசிக் பாட்டா நிறுத்தத்தில் பேருந்தில் ஏறிய களைப்புத் தீரத் தேநீர் குடிப்பார்; அவ்வளவே.

கேட்டுக்கொண்டே அவர் மோஷி என்னும் ஊர் வருவதற்காகக் காத்திருப்பார். மோஷியைப் பேருந்து கடக்கும்போது, இடப்புறம் சாலையோரத்தில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தின் மாடிகளை அவர் நாள்தோறும் எண்ணிப் பார்ப்பார். நான்காவது மாடி, சாலையை நோக்கிய மூலை, ஒரு படுக்கையறை, ஒரு பால்கனி. அதன் விலைக்கும் அவர் கையிலிருந்த ஓய்வுப்பணம் பதினான்கு லட்சத்துக்கும் நடுவில் ஒரு பள்ளம் கிடந்தது. கட்டடம் முடிய இரண்டாண்டு ஆகும். அதற்குள் பதினான்கு இருபதானால் பள்ளம் தூர்ந்துவிடும்.

அன்றும் அந்த மூலை கடந்தது. மாடசாமி கழுத்தைத் திருப்பி, அது கண்ணுக்கு மறையும்வரை பார்த்துவிட்டு, “யம்மா, நான் முடிவு பண்ணிட்டேன்” என்றார். “பதினாலையும் உங்க சஹ்யகிரியிலயே போட்டுருதேன்.”



“அண்ணாச்சி, அத்தனையும் வேணாமுங்க. பாதியப் போடுங்க, போதும்” என்றாள் மங்கையர்க்கரசி.

“என்னம்மா இப்படிச் சொல்லுதிய? மூணு பேரு மூணு கம்பெனியில பாத்துட்டு வந்து பக்கான்னு சொல்லுதிய. பெறவு பாதியப் போடு, கால்வாசியப் போடுன்னா? பாதி நம்பிக்கைன்னு ஒண்ணு உண்டா? ஒண்ணு நல்ல கம்பெனியா இருக்கணும், இல்ல நல்ல கம்பெனியா இருக்கப்பிடாது.”

“லாஜிக்கலா அண்ணாச்சி கரெக்ட்” என்றான் ஸ்ரீவத்சன்.

மங்கையர்க்கரசி அதற்குமேல் தடுக்கவில்லை. தடுக்காததற்கு வேறொரு காரணமும் இருந்தது; அதை அவள் பின்னாளில்தான் தனக்குத்தானே ஒப்புக்கொண்டாள். தொழிற்சாலையில் அவளிடம் எவரும் கேட்பது, ‘இது ஏன் இல்லை, அது ஏன் வரவில்லை’ என்பது மட்டுமே. தன் கணிப்பை நம்பி ஒருவர் ஆயுள் சேமிப்பை எடுத்து நீட்டுவது அவளுக்குப் புதிது. அச்சமாகவும் இருந்தது, இனிப்பாகவும் இருந்தது. அச்சத்தை வெளியில் சொன்னாள், இனிப்பை விழுங்கிக்கொண்டாள்.

ஜூலை பிறந்தது. சாகணில் உள்ள பெரிய கார் ஆலை, புதிய மாதிரிக்காகத் தன் இயந்திர வரிசையை மாற்றியமைக்கப் போவதாகவும், திங்கள் முதல் புதன் வரை உற்பத்தி இல்லையென்றும் அறிவித்தது. அதற்கேற்பத் தம் தொழிற்சாலைகளுக்கும் விடுமுறை வந்ததைச் சபை பெருமகிழ்ச்சியோடு வரவேற்றது. பங்கு வாங்கப் பணம் கட்டும் கணக்கை மாடசாமிக்கு ஸ்ரீவத்சன் திறந்து கொடுத்துவிட்டான். செவ்வாயன்று வாங்கலாமென்றதற்கு மாடசாமி ஒப்பவில்லை.

“செவ்வாக்கெழமை ஒரு ஊசி வாங்கமாட்டேன். புதன் காலையில, சந்தை தொறந்ததும் போடுவோம்.”

“அப்போ செவ்வாய்க்கிழமை கடக்வாஸ்லா” என்று இஸ்மாயில் தீர்ப்பளித்தான். “அணை தொறந்திருக்கான். பஜ்ஜி என் செலவு.”

அவ்வாறே நால்வரும் ஸ்ரீவத்சனின் காரில் புறப்பட்டார்கள். மழை விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. அணையின் மதகுகளிலிருந்து பழுப்பு நிற வெள்ளம் சீறி இறங்க, கரையோரச் சாலையில் சோளம் சுடும் அடுப்புகள் வரிசையாகப் புகைந்தன. வெங்காய பஜ்ஜித் தட்டைக் கையிலேந்தி, ஒரு தகரக் கூரையின் கீழ் அவர்கள் நின்றார்கள். மாடசாமி வெள்ளைச் சட்டை அணிந்து, மறுநாள் மாப்பிள்ளை பார்க்கப் போகிறவரைப் போன்ற முகக்களையோடு இருந்தார்.

“நாலாவது மாடியில இருந்து பாத்தா இந்தத் தண்ணி தெரியுமா அண்ணாச்சி?” என்று இஸ்மாயில் சீண்டினான்.

“தண்ணி தெரியாதுலே. நீ போற பஸ்ஸு தெரியும். பால்கனியில நின்னு டாட்டா காட்டுவேன்.”

“அவருக்கு வீடு வந்துடுத்து, உனக்கு டாட்டாதான்” என்றான் ஸ்ரீவத்சன்.

மங்கையர்க்கரசி சிரித்துக்கொண்டே சாலையை நோக்கினாள். எதிரே மழையில் குடைகள் நகர்ந்துகொண்டிருந்தன. மழைக்காலம் தொடங்கும்போது சாகண் தொழிற்சாலைகள் தம் ஊழியர்க்குக் குடை வழங்குவது ஆண்டுதோறும் நிகழும் வழக்கம். நிறுவனத்தின் பெயர் தொலைவிலிருந்தும் படிக்குமளவு பெரிதாக அதில் அச்சிடப்பட்டிருக்கும். கிடங்கில் பெட்டிகளின் பெயர்ச்சீட்டுகளைப் படித்துப் பழகிய அவள் கண்கள், பழக்க வாசனையால் குடைகளையும் படித்துக்கொண்டே போயின. நீலக் குடை: காருக்குக் கண்ணாடி செய்பவர்கள். பச்சைக் குடை: சாயம் பூசுபவர்கள். சிவப்பு: சக்கர வளையம். வெள்ளையும் கறுப்பும்: அட்டைப்பெட்டி மடித்துத் தருபவர்கள். அந்தச் சிறிய நிறுவனத்திலிருந்துகூட ஒரு குடும்பம் வந்திருந்தது.

எத்தனை நிறுவனங்கள், எத்தனை நிறங்கள் என்று முதலில் அவளுக்கு மகிழ்ச்சியே உண்டாயிற்று. அடுத்த பஜ்ஜியை எடுக்கையில், அன்று செவ்வாய்க்கிழமை என்பது நினைவுக்கு வந்தது.

வாரத்தின் நடுவில் இத்தனை தொழிற்சாலைகளின் ஆட்கள் எப்படி ஒரே கரையில் நின்று சோளம் தின்ன முடியும்?

அந்தக் கேள்வி இன்னும் முழு உருவம் பெறாத வேளையில், மஞ்சள் குடையொன்று அவர்களை நோக்கி வந்தது. அதன்மேல் சஹ்யகிரி என்று எழுதியிருந்தது. குடைக்குக் கீழே, அந்நிறுவனத்தின் சார்பில் வாரந்தோறும் அவள் கிடங்குக்கு வரும் விற்பனைப் பிரதிநிதி ஷ்ரேயஸ், மனைவியோடும் தோளில் ஏறிய குழந்தையோடும் நின்றான்.

“அரே மேடம், நமஸ்தே!”

நீயும் விடுமுறையா என்று அவள் இந்தியில் கேட்டாள்.

“பிளான்ட் பந்த், தோ ஹம் பீ பந்த்!” என்று அவன் கலகலவென்று சிரித்தான். ஆலை மூடினால் நாங்களும் மூடல்தான். இரண்டு நாளாக டெம்போ ஒன்றுகூட ஓடவில்லை. எத்தனை காலத்துக்குப் பிறகு குழந்தையை வெளியில் அழைத்து வந்திருக்கிறேன் என்று சொல்லி, வணங்கிவிட்டுச் சென்றான்.

மஞ்சள் குடை மற்றக் குடைகளோடு கலந்து மறையும்வரை மங்கையர்க்கரசி பார்த்துக்கொண்டே நின்றாள். பஜ்ஜி கையில் ஆறியது.

“என்ன அக்கா, காரமா?” என்றான் இஸ்மாயில்.

“இல்லீங்க தம்பி” என்றாள். மாடசாமியின் வெள்ளைச் சட்டையைப் பார்த்துக்கொண்டு, மனத்தில் எழுந்ததைச் சொல்லும் துணிவு அப்போது அவளுக்கு இல்லை. அன்றியும், தான் கண்டது இன்னதென்று அவளுக்கே திட்டமாகப் புரியவில்லை.

பிற்பகலில் வீடு திரும்பியதும் ஆண்டறிக்கையை மீண்டும் விரித்தாள். பொய்யான ஒரு சொல்லைத் தேடினாள், கிடைக்கவில்லை. ஆயிரத்து நானூறு வாடிக்கையாளர் என்பது மெய். எவருக்கும் நூற்றுக்கு ஆறுக்கு மேல் பங்கில்லை என்பதும் மெய். அந்த அறிக்கையை எழுதியவர்கள் கேட்ட கேள்விக்கு நேர்மையாகப் பதில் எழுதியிருந்தார்கள். ‘உன்னிடம் வாங்குகிறவர் யார்’ என்பது கேள்வி. ‘உன்னிடம் வாங்குகிறவரிடம் வாங்குகிறவர் யார்’ என்று அவர்களை எவரும் கேட்கவில்லை. அதைக் கேட்கச் சொல்லும் விதியும் இல்லை.

பிரேக் குழாய் எங்கே போகிறது? அந்தப் பெரிய ஆலைக்கு. மின்கம்பிக் கட்டு எங்கே போகிறது? அங்கேதான். இருக்கை? அதுவும் அங்கேதான். அதனால்தான் மூன்று தொழிற்சாலைகளுக்கும் ஒரே வேலை நேரம். அதனால்தான் ஒரே பேருந்து. பேருந்தின் பின்வரிசையில் அமர்ந்து, மூன்று திசைகளிலிருந்து வந்த மூன்று சாட்சிகளைக் கேட்டுவிட்டோம் என்று அவர்கள் மகிழ்ந்தார்கள். மூவரும் ஒரே வாயின் மூன்று பற்கள். நான்காண்டுகளில் சஹ்யகிரியின் விற்பனை இருமடங்கானதை வளர்ச்சியென்று அவள் எழுதியிருந்தாள். பெரிய ஆலை தன் இரண்டாம் வரிசையைத் தொடங்கியதும் அதே நான்காண்டுகளுக்கு முன்புதான் என்பது இப்போது நினைவுக்கு வந்தது; அந்த ஆண்டில்தான் அவள் கிடங்கையும் பெரிதாக்கினார்கள்.

இதனால் அந்த நிறுவனம் கெட்டதாகிவிடாது. புதிய மாதிரி நன்றாக விற்றால் சஹ்யகிரி இன்னும் வளரும். ஆயிரத்து நானூறில் எத்தனை பேர் அந்த ஆலையை நம்பியிருக்கிறார்கள் என்பதும் அவளுக்குத் தெரியாது. பாதியோ, முக்காலோ, ஒருவேளை மூன்றிலொரு பங்கோ. எப்படியும், இரண்டு கோடு போடுவதற்குரிய வரி அதுவல்ல. அவள் தாளை எடுத்து அந்த இரண்டு கோடுகளின்மேல் ஒரு வினாக்குறி இட்டாள். இட்டவுடன் பதினான்கு லட்சம் நினைவுக்கு வர, எழுந்து நின்றுவிட்டாள்.

தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஒருவரின் வீட்டை இடிக்கும் சொல்லைத் தொலைபேசியில் சொல்வது மரியாதையாகாது என்று அவளுக்குப் பட்டது. புதன்கிழமை காலை ஆட்டோ பிடித்துத் தாபோடிக்குப் போனாள்.

மாடசாமி குளித்து, திருநீறு பூசி, கைப்பேசியை முருகன் படத்தின்முன் வைத்திருந்தார். சந்தை திறக்க இன்னும் நேரம் இருந்தது. அவர் மனைவி சாந்தகுமாரி கேசரி கிளறிக்கொண்டிருந்தாள். மகள் ஷீலா, இஸ்மாயிலின் தொழிற்சாலையில் இருக்கை உறை தைக்கும் பிரிவில் வேலை செய்பவள், விடுமுறை என்பதால் இன்னும் போர்வைக்குள் இருந்தாள்.

“வாங்கம்மா, வாங்க! நல்ல நேரத்துல வந்திய. உங்க கையாலயே அமுக்குங்க” என்று மாடசாமி கைப்பேசியை எடுத்து நீட்டினார்.

மங்கையர்க்கரசி அதை வாங்கிக்கொள்ளவில்லை. “அண்ணாச்சி, இது வேணாமுங்க.”

“எது?”

“சஹ்யகிரி.”

மாடசாமியின் கை நீட்டியபடியே நின்றது. சமையற்கட்டில் கரண்டியின் ஓசை ஓய்ந்தது.

“நேத்து வரைக்கும் நல்ல கம்பெனி. இன்னைக்கு வெடிஞ்சதும் கெட்ட கம்பெனியாயிட்டா?” அவர் குரல் உயர்ந்தது. “ஒரு மாசமா அந்தத் தாள மடிச்சுப் பையில வச்சிருக்கேன்மா. பேங்குல இருந்து எல்லாத்தையும் எடுத்து இதுல கட்டியாச்சு. பில்டர்கிட்ட வாக்கு குடுத்தாச்சு. இப்ப வந்து வேணாம்ங்கிய!”

“கம்பெனி நல்லதுதானுங்க. நான் தாள்ல எழுதுனது ஒண்ணும் பொய்யில்லீங்க. நான் பாக்காம வுட்டது ஒண்ணு இருக்குதுங்க. நேத்து ஏன் நாம நாலு பேரும் ஒரே நாள்ல சும்மா இருந்தோம்?”

“பெரிய பிளான்ட் லீவு. அதுக்கென்ன?”

“அந்த டெம்போக்காரப் பையனும் ஏனுங்க சும்மா இருந்தான்?”

அவள் பாயில் அமர்ந்து, குடைகளைப் பற்றிச் சொன்னாள். மூன்று சாட்சியும் ஒரே சாட்சி என்பதைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார், ஆனால் முகம் இளகவில்லை.

“சரிம்மா. ஆனா அந்த பிளான்ட் என்ன சாகப்போகுதா? நாளைக்குத் தொறக்கப் போகுது. புது வண்டி வரப்போகுது. இன்னும் ஏறும்.”

“ஏறலாமுங்க. ஏறாதுன்னு நான் சொல்ல வரல. எனக்குத் தெரியாதுங்க.” அவள் சற்று நிறுத்தினாள். “இந்த மூணு நாளைக்கு உங்களுக்குச் சம்பளம் உண்டுங்களா அண்ணாச்சி?”

“கான்ட்ராக்ட்டுல எங்க உண்டு? போனாத்தான் கூலி.”

“ஷீலாவுக்கு?”

போர்வைக்குள்ளிருந்து, “பாதி, ஆன்ட்டி” என்று பதில் வந்தது.

“அந்த ஆல தும்முச்சுன்னா உங்க கூலி நிக்குது, புள்ளைக்குப் பாதி நிக்குது. அந்தப் பதினாலும் அங்கயே போயிருச்சுன்னா, ஒரே ஆணியில வீட்டுத் துணி அத்தனையும் மாட்டுன மாதிரிங்க. ஆணி நல்ல ஆணிதான். ஆனா செவுத்துல வேற ஆணி இல்லீங்களே. ஸ்ரீவத்சன் இதுல போடலாம். போனா அவருக்கு ஒரு கார் போகும். உங்களுக்கு வீடு போயிருமுங்க.”

வெளியே மின்ரயில் ஒன்று தாபோடி நிலையத்தைக் கடந்து போயிற்று.

சாந்தகுமாரி கரண்டியோடு வாசற்படிக்கு வந்தாள். “பென்ஷன் வேற ஆணிதானே?” என்று கணவனைப் பார்த்துக் கேட்டாள்.

“ஆமா. பென்ஷன் ஒண்ணுதான் வேற ஆணி” என்றார் மாடசாமி. பிறகு, குரலைத் தாழ்த்தி, “இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லாம்மா” என்றார்.

“சொல்லியிருக்கோணுமுங்க. எனக்கே தெரியலீங்க. நாலு பேரு நம்புனது சொகமா இருந்துச்சு. அந்தச் சொகத்துல கண்ணு கொஞ்சம் மங்கிப்போச்சுங்க.”

அவள் அங்கேயே கைப்பேசியை எடுத்து ஸ்ரீவத்சனை அழைத்து, தன் வாக்கு ‘வேண்டாம்’ என்று தெரிவித்தாள்.

“மேடம், பேப்பர் உங்களோடது! முன்மொழிஞ்சவாளே வேண்டாம்னு சொன்னா சட்டத்துல அதுக்கு இடமே இல்லையே!” என்ற அவன் கூச்சல் அறை முழுவதும் கேட்டது. “ஆயிரத்து நானூறு கஸ்டமர் மேடம்!”

“ஆயிரத்து நானூறு வீட்டுக்கும் ஒரே கெணத்துத் தண்ணியா இருந்துச்சுன்னா, வீட்ட எண்ணி என்னங்க பிரயோசனம்? கெணத்த எண்ணோணுமுங்க.”

“வேற கிணறும் இருக்கலாமே?”

“இருக்கலாமுங்க. தெரிஞ்சுட்டு வாங்க, மறுபடி பேசலாம். அதுவரைக்கும் வேணாம்.”

கேசரியை எல்லாரும் தின்றார்கள். கிளறியாயிற்று, வீணாக்குவானேன் என்று சாந்தகுமாரி கேட்டாள்.

வியாழனன்று பேருந்து ஓடியது. அன்று காலையே, புதிய மாதிரிக்கு முன்பதிவு குவிந்த செய்தி வர, சாகண் வட்டாரத்துப் பங்குகள் எல்லாம் எழும்பின. சஹ்யகிரி இரண்டு நாளில் நூற்றுக்கு ஒன்பது ஏறியது. ஸ்ரீவத்சன் அதைப் பின்வரிசையில் உரக்கப் படித்தான். சட்டத்துக்குக் கட்டுப்பட்டு அவனும் வாங்கவில்லை. அந்த வருத்தத்தைப் படிப்பதில் தீர்த்துக்கொண்டான்.

“ஒம்போதுன்னா எவ்வளவுலே?” என்று மாடசாமி இஸ்மாயிலைக் கேட்டார்.

“ஒன்னேகால் லட்சம் அண்ணாச்சி.”

மாடசாமி சன்னலின் வழியே பார்த்தார். மோஷியின் மூலைக் கட்டடம் வந்துகொண்டிருந்தது. “பால்கனி போச்சு” என்றார். எவரும் சிரிக்கவில்லை; அவர்தான் சிரித்தார்.

மங்கையர்க்கரசி தலை குனிந்திருந்தாள். தன் தவறு திருத்தப்பட்ட வேளையில் விலை ஏறியது அவளைச் சுட்டது. ஒரு கணக்கு சரியென்பதற்கு விலை சாட்சி சொல்ல வரவில்லை. அடுத்த மாதமோ அடுத்த ஆண்டோ வருமென்ற உறுதியும் இல்லை. சாட்சியில்லாமலேயே அதைச் சுமந்துகொண்டிருக்க வேண்டும் போலும். அன்று முதல் சபைத் தாளின் கடைசியில் ஒரு வரி கூடியது. நிறுவனத்தைப் பற்றி நல்லது சொன்னவர்கள் எல்லாரும் எந்தப் பேருந்தில் வருகிறார்கள் என்பது அந்த வரி. இஸ்மாயில்தான் அதைச் சட்டமாக்க முன்மொழிந்தான். ஸ்ரீவத்சன் முணுமுணுத்துக்கொண்டே கையுயர்த்தினான். சஹ்யகிரி அதன்பின் இன்னும் ஏறியது, சிறிது இறங்கியது, மீண்டும் ஏறியது. நாளடைவில் அதைப் படித்துக் காட்டுவதை ஸ்ரீவத்சனே விட்டுவிட்டான்.

தீபாவளி கழிந்த ஒரு காலையில் மாடசாமி நாசிக் பாட்டாவில் ஏறும்போது கையில் ஓர் இனிப்புப் பெட்டி இருந்தது. பின்வரிசைக்கு வந்து, முதலில் மங்கையர்க்கரசியிடம் நீட்டினார்.

“ரெண்டு வருஷம் காத்திருக்கல. பதினாலையும் முன்பணமா கட்டிட்டேன். மீதிக்கு பென்ஷன் மேல பேங்க்காரன் லோன் குடுத்துட்டான். பொங்கலுக்குக் குடி போறோம்.”

“மோஷியிலயா அண்ணாச்சி?” என்று இஸ்மாயில் துள்ளினான்.

“மோஷிதான். அதே எடம், ஆனா அந்தக் கட்டடம் இல்ல. அதுக்குப் பின்னாடி பழைய கட்டடம் ஒண்ணு இருக்கு. கீழ்த்தளம். பால்கனி கிடையாது, துணி காயப்போட முத்தம் மாதிரி கொஞ்சம் எடம் கெடக்கு. சாந்தா அங்க முருங்கை வைக்கணும்ங்கா.”

மங்கையர்க்கரசி இனிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள். நான்காவது மாடியை இழந்த வருத்தம் அதில் இல்லையென்று சொல்ல முடியாது; இருந்தது. அதனோடு, இரவு நன்றாக உறங்கியவரின் தெளிவும் இருந்தது. இரண்டில் எது மிகுதி என்று அவளால் நிறுத்துப் பார்க்க முடியவில்லை.

பேருந்து மோஷியை நெருங்கியது. மூலைக் கட்டடத்தில் ஏழாவது மாடி எழும்பிக்கொண்டிருந்தது. அவள் சன்னலோரம் நகர்ந்து, அதன் பின்புறம் ஏதேனும் தென்படுகிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

“எங்கீங்க அண்ணாச்சி, காட்டுங்க.”

“பஸ்ஸுல இருந்து தெரியாதும்மா” என்றார் மாடசாமி. “ஞாயித்துக்கெழமை எறங்கி நடந்து வாங்க.”

பேருந்து மோஷியைக் கடந்தது. அன்று அவர் கழுத்தைத் திருப்பவில்லை. பெட்டியை இஸ்மாயிலிடம் கொடுத்துவிட்டு, ஸ்ரீவத்சன் கொண்டுவந்திருந்த புதிய தாளை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடைசி வரியை முதலில் படித்தார்.